நானூறு தவளைப் படங்களை எங்கே ஏற்றுவது?

கேள்வி: வால்பாறையில் எஸ்டேட் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக நானும் பிள்ளைகளும் கண்ணில் படும் தவளை, பாம்பு, ஓணான் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறோம். நானூறு படம் தேறும். ஐநேச்சுரலிஸ்ட், ஹெர்ப்மேப்பர், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்று உயிரினப் பதிவுத் தளங்களை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் ஏற்றுவது? இடத்தைக் காட்டினால் பிடித்து விற்கிறவர்கள் வந்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. ஒரு பாம்புப் படம் இணைத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாணவனின் பாட்டி வீட்டில் எடுத்தது. செயலி கட்டுவிரியன் என்கிறது. சரிதானா?

பதில்: டீச்சர், செயலி இருக்கட்டும். முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்போம்.

போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம் பதிவாகும். கேமராவில் லொகேஷனைப் போட்டு வைத்திருந்தால் இடமும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் நசுங்குவதோடு இந்த விவரமும் கழன்று போகிறது. கோப்பின் பெயரில் தெரியும் தேதியை நம்பிவிடாதீர்கள், அது உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நாள். போன மழைக்காலத்தில் எடுத்ததைப் பிள்ளை இந்த மார்ச்சில் அனுப்பியிருந்தால் அந்தத் தவளை மார்ச் மாதத் தவளை ஆகிவிடும். ஆகவே முதல் வேலை, யார் எடுத்தார்களோ அவர்கள் போனிலிருந்து அசல் கோப்பை வாங்குவது. கேபிளில் எடுக்கலாம், டிரைவில் போடலாம். வாட்ஸ்அப்தான் கைவசம் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், விவரம் அழியாது. அசல் கிடைக்காதவற்றுக்கு எடுத்தவரையே உட்கார வைத்துத் தேதியும் இடமும் கேளுங்கள். நினைவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். நானூறில் நூற்றைம்பது தேறினாலும் லாபம்தான். எங்கிருந்தோ ஃபார்வர்டாக வந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அது உங்கள் பதிவு அல்ல.

இனி, எதில் ஏற்றுவது. பலர் செயலியைத் தேர்ந்தெடுப்பது ‘எது சரியாகப் பெயர் சொல்கிறது’ என்று பார்த்துத்தான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. உங்கள் பதிவை முன்பின் தெரியாத ஒருவர் இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்த்து, இது இன்னதுதான் என்று சரிபார்க்க முடியுமா? நீங்கள் நினைத்தால் உங்கள் பதிவுகள் மொத்தத்தையும் வெளியே எடுக்க முடியுமா?

இரண்டுக்கும் ஆம் என்பதால் உங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட்டைச் சொல்வேன். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது, இன்று லாப நோக்கமற்ற தனி அமைப்பு. சிக்னல் இல்லாத சோலையில் பதிந்து வைத்து வீட்டுக்கு வந்து ஏற்றலாம். படம் அல்லது ஒலி, தேதி, இடம் மூன்றும் இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே இனம் என்று சொல்லி, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ‘ஆராய்ச்சித் தரம்’ ஆகும். அப்படியானவை கோபன்ஹேகனில் இருந்து இயங்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். ஆராய்ச்சியாளர்கள் தேடுவது அங்கேதான். ஒரு நிபந்தனை: உரிமத்தை ‘அனைத்து உரிமையும் எனக்கே’ என்று மாற்றிவிட்டால் உங்கள் பதிவு அந்தப் பக்கம் போகாது. தானாக வரும் உரிமத்தை அப்படியே விடுங்கள்.

இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் நல்ல இடம்தான், நம் நாட்டு ஆட்கள் பார்க்கிறார்கள். ஆனால் அதிலும் இதிலும் ஒரே படத்தை ஏற்றாதீர்கள். அதன் பதிவுகளும் ஜிபிஐஎஃப் போகின்றன. உங்கள் ஒரு தவளை அங்கே இரண்டு தவளையாக நிற்கும். ஹெர்ப்மேப்பர் ஊர்வன, இருவாழ்விகளுக்கென்றே 2013-இல் வந்தது. துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாமல் கூட்டாளிகளான ஆராய்ச்சி அமைப்புகளுக்கு மட்டும் தருவது அதன் பலம். பெயர் சொல்லி உதவ ஆள் வேண்டும் என்ற உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. படங்கள் தெளிவாக, பல கோணத்தில் அமைந்துவிட்டால் ‘ஆம்ஃபிபியன்ஸ் ஆஃப் இந்தியா’, ‘ரெப்டைல்ஸ் ஆஃப் இந்தியா’ தளங்களுக்குக் கொடுங்கள். வல்லுநர்கள் பார்த்த பிறகே ஏறும் என்பதால் பொறுமை வேண்டும். ஃபிராக்ஐடி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் அருமையான செயலி, ஆனால் அந்த நாட்டுத் தவளைகளுக்கு மட்டும்.

கணக்கு விஷயத்தில் கவனம். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி ஐநேச்சுரலிஸ்ட்டில் கணக்குத் தொடங்கக் கூடாது. பள்ளிக்கென ஒரு கணக்கு வைத்து, பார்த்தவரைக் குறிப்பில் ‘ஏழாம் வகுப்பு மாணவி’ என்ற அளவில் எழுதினால் போதும். இன்னொரு தொல்லை, பிள்ளைகள் ஒருவர் பதிவுக்கு இன்னொருவர் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திவிடுவது. தோழமைக்காகப் போட்ட அந்த ஒரு கிளிக்கில் தப்பான பெயர் ஆராய்ச்சித் தரம் ஆகிவிடும்.

இடத்தைப் பற்றிய பயம் நியாயமானது. அழிவு நிலையில் உள்ள பல இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கும். 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். தேதியிலும் மாதம் மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும். நீங்களாகவும் எந்தப் பதிவையும் மங்கலாக்கலாம், முழுக்க மறைக்கவும் செய்யலாம். உங்கள் பக்கம் நான் மறைக்கச் சொல்வது காட்டுப் பிரம்பாமையை. 1912-இல் கொச்சிக் காடுகளிலிருந்து விவரிக்கப்பட்டு, அதன்பின் எழுபது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1982-இல் ஊர்வன ஆய்வாளர் ஜெ. விஜயா தேடிக் கண்டுபிடித்த ஆமை அது. அவர் பெயரால்தான் இன்று விஜயாகெலிஸ் என்று அழைக்கிறோம். ஆமை மெதுவாக நகரும், பைக்குள் அடங்கும். மறைத்தே வையுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மறைத்தால் பதிவுக்கே பயன் குறையும். வால்பாறையிலிருந்து 22 கிலோமீட்டர் என்றால் ஒரு பக்கம் ஆழியாறு அடிவாரம், இன்னொரு பக்கம் புல்மலை உச்சி. மலைத் தவளைக்கு உயரம்தான் முகவரி. வாசலுக்கு வரும் தேரையைத் திறந்தே விடுங்கள். ஆனால் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் எடுத்த பல்லியை மங்கலாக்குங்கள். அங்கே காப்பாற்ற வேண்டியது பிள்ளையின் வீட்டு முகவரியை.

நான் பண்ணிய ஒரு கூத்தையும் சொல்கிறேன். சோலை ஓரத்தில் பதிந்த ஒரு புதர்த்தவளையைக் கீழே இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஏற்றினேன். இடத்தைத் திருத்த மறந்தேன். இரண்டு மாதம் அந்தத் தவளை பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் குடியிருந்தது. முகம் தெரியாத யாரோ, ‘இந்த உயரத்தில் இது எப்படி?’ என்று கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். ஏற்றும்போது வரைபடத்தில் புள்ளியையும் அதைச் சுற்றிய துல்லிய வட்டத்தையும் பாருங்கள். எஸ்டேட் பெயர் மட்டுமே தெரியும் என்றால் வட்டத்தை இரண்டு கிலோமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். பொய்யான துல்லியத்தைவிட நேர்மையான பெரிய வட்டம் மேல்.

உங்கள் ஊர்த் தவளைகளில் பாதிக்குப் படம் போதாது. ராவோர்செஸ்டெஸ் என்ற புதர்த்தவளைக் கூட்டத்தில் பல இனங்கள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒரே இனத்துக்குள் நிறம் பத்து விதமாக மாறும். குரல் மாறாது. மழை விட்ட இரவில் ஐந்தடி தள்ளி நின்று, பேசாமல், முப்பது நொடி பதிவு செய்து, கடைசியில் மட்டும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி முடியுங்கள். ஒலியையும் ஐநேச்சுரலிஸ்ட் ஏற்கும். படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, விரல் நுனி தெரிய ஒன்று. கையில் பிடிக்க வேண்டாம். செயலி எடுத்துத் தரும் பெயரை யோசனையாக மட்டும் கொள்ளுங்கள். போதுமான படங்கள் சேராத இனம் அதற்குத் தெரியவே தெரியாது. தெரிந்த பெயர்களில் கிட்டத்தட்ட ஒத்துப்போவதை எடுத்து நீட்டும். வயல் தவளைகளில் மினர்வரியா என்ற பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது தோல்வி இல்லை, ஆராய்ச்சியாளர்களே பல நேரம் அங்கேதான் நிற்கிறார்கள்.

பழைய புத்தகத்தில் புஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதே தேரைதான், 2006-இல் டட்டாஃப்ரைனஸ் ஆனது. பெயர் சரிபார்க்க மட்டும் இருவாழ்விகளுக்கு ஆம்ஃபிபியாவெப், ஊர்வனவுக்கு ரெப்டைல் டேட்டாபேஸ் பாருங்கள்.

செயலியோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். பறவை பார்க்கிறவர்கள் இபேர்ட் என்ற தளத்தில் எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு நேரம் நின்றோம், எதைப் பார்த்தோம் என்று முழுப் பட்டியல் போடுகிறார்கள். தவளைக்கு நம் ஊரில் அந்த அளவு பரவிய ஒன்று இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் கண்டதை மட்டும் சொல்லும், காணாததைச் சொல்லாது. ‘ஜூன் இரண்டாம் வாரம், மூன்று பேர், ஒரு மணி நேரம், மழை இல்லை, ஒன்றும் கேட்கவில்லை’ என்ற ஒரு வரியை நோட்டுதான் தாங்கும். சுற்றிலும் புலிகள் காப்பகம் என்பதால் எஸ்டேட் எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பாம்பு. விஷமுள்ள கட்டுவிரியனா, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனா என்பது நம் ஊரின் பழைய குழப்பம். வரையனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் அழுத்தமாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு, கழுத்தருகே மங்கல், பின்னால் போகப் போகத் தெளிவு, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக மெல்லிய வெள்ளைக் கோடு. அதன் முதுகுத்தண்டின் மேல் ஒரு வரிசைச் செதில் அறுகோணமாக, மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். உங்கள் படத்தில் சுவருக்கும் அம்மிக்கும் நடுவே உடம்பின் மத்தி மட்டும்தான் தெரிகிறது, அதுவும் பளபளப்பில் செதில் கரைந்துவிட்டது. செயலி எதை வைத்துக் கட்டுவிரியன் என்றதோ தெரியாது, என்னால் சொல்ல முடியவில்லை. கடித்திருந்தால் இந்த ஆராய்ச்சியே கூடாது, 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடிப் படம் எடுக்கப் போகிறவர்தான் இரண்டாவது கடி வாங்குவார். பாட்டியிடம், இரவில் தரையில் படுக்க வேண்டாம், படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தை இப்போதைக்கு வெறும் ‘பாம்பு’ என்றே ஏற்றுங்கள். அதற்கும் ஐநேச்சுரலிஸ்ட்டில் இடம் இருக்கிறது.