அவன் எந்த வரியில் நிற்பான்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். செய்திமடல் எழுதச் சேர்ந்தவள், இன்று தகவல் தொடர்புப் பிரிவுக்கே பொறுப்பாளர். ஆனால் நள்ளிரவு உதவி அழைப்பை ஒருமுறைகூட நான் எடுத்ததில்லை. எந்தப் பெண்ணோடும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. ஆலோசகர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். நான் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் நன்கொடையாளர்களுக்காக முகம் தெரிகிற ஒரு கதை வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்கும். இந்த ஆண்டு ஒரு பெண் தானாகவே முன்வந்து கையெழுத்திட்டார். மூன்று வாரம் கழித்து, வேண்டாம் என்றார். நிறுத்திவிட்டேன். அச்சான பிரதிகள் எல்லாம் வீண். கூட்டத்தில் தலைகுனிந்து நின்றேன். ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் எனக்கு வேலை காத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இங்கே என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. பெயரை வெளியிட வேண்டாம்.

வ.

அன்புள்ள வ.,

பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில், கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரைச் சொல்லவில்லை, படமும் போடவில்லை. ஆனால் அவர் மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே பேசியதை எழுதியிருந்தேன். இடது கையால் தைத்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஈரமான நுனியை மறுபடி ஊசியில் கோத்தார். கட்டுரையிலேயே நல்ல இடம் அதுதான் என்று ஆசிரியர் பாராட்டினார். தையல் வேலைதான் இப்போது அவருக்குச் சோறு போடுகிறது என்பதும் அதே பத்தியில் இருந்தது.

கணவனின் தங்கை அதைப் படித்தாள். தையற்கூடங்களில் விசாரித்துக்கொண்டு அவன் வந்துவிட்டான். அந்தப் பெண் ஒரே இரவில் இடம் மாற வேண்டியதாயிற்று. மகளின் பள்ளிக்கூடமும் மாறியது. என்மீது அவர் கோபப்படவில்லை. ஆனால் அதன்பின் என்னிடம் பேசவும் இல்லை.

அந்த வாரம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. உங்களைப் போலவே ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் திட்டவில்லை. “எழுதி முடித்ததும் ஒருமுறை அவனாக இருந்து படித்துப் பாருங்கள். அவளைத் தேடுகிறவன் எந்த வரியில் நிற்பான்?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து இத்தகைய எதையும் அப்படிப் படிக்காமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அவரும் உதவி அழைப்புகளை எடுப்பவர் அல்லர்.

நீங்கள் தலைகுனிந்திருக்கக் கூடாது, வ. வன்முறை செய்பவனை விட்டுப் பிரியும் நேரமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தானவை என்பது உங்கள் நிர்வாகக் குழுவுக்குத் தெரியாததல்ல. கையெழுத்துப் போட்ட நாளில் அவருக்கு இருந்த துணிவு மூன்று வாரத்தில் ஏன் போயிற்று என்று அவர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவன் புதிய எண்ணிலிருந்து அழைத்திருக்கலாம். பிள்ளை யாரிடமோ எதையோ சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். நவம்பர் 25, டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960-இல் கொல்லப்பட்ட நாள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக ஐ.நா. பொதுச்சபை அதை 1999-இல் அறிவித்தது. கொலையுண்ட பெண்களின் நினைவுநாளுக்காக, உயிரோடு இருக்கும் ஒருத்தியை அவனுக்குக் காட்டிக்கொடுப்பதா?

முகம்தான் வேண்டும் என்பவர்களிடம் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மணவாழ்விலோ துணைவருடனோ வாழ்ந்த 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 27 சதவீதம் பேர், அந்தத் துணைவராலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரில் ஒருத்திக்கும் மேல். நன்கொடையாளருக்கு அப்படி ஒருத்தியின் முகம் ஏற்கெனவே தெரியும்.

இனி அந்தச் சுவரொட்டி. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அந்த இடம்தான். மருத்துவரின் அறைக்குள்ளும் கூடவே வந்து உட்காரும் கணவன், கழிவறைக்குள் வருவதில்லை. அந்தக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளுக்கு ஒரு பெண் தரக்கூடியது இரண்டு நிமிடம். செருப்புக்குள் மறைக்குமளவு சிறிய சீட்டில் எண் இருக்க வேண்டும். உங்கள் இணையதளத்தில், அவன் திடீரென அருகே வந்தால் அழுத்துவதற்கென இருக்கும் ‘உடனே வெளியேறு’ பொத்தானை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும். ஆனால் அவள் பார்த்த பக்கங்களின் பட்டியல் அழியாது. அதை அவளுக்குப் புரிகிற சொற்களில், பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க ஒருவர் வேண்டும். ஆலோசகரின் தொலைபேசி ஒலிப்பது அதற்கெல்லாம் பிறகு.

மொழியையும் சொல்ல வேண்டும். ‘அடி வாங்கினாள்’ என்கிறோம். கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியதைப் போல. அடித்தவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. ‘குடும்பத் தகராறில் பெண் பலி’ என்ற தலைப்பிலும் கொன்றவன் இல்லை. அதை ‘மனைவியைக் கொன்ற கணவன் கைது’ என்று மாற்றும்படி, அச்சுக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் செய்தியாளரிடம் பொறுமையாகக் கேட்பது உங்கள் பிரிவின் வேலை. கேட்டால் பலர் மாற்றுகிறார்கள், நானே மாற்றியிருக்கிறேன்.

புதிய வேலைக்குப் போகலாமா என்றால், களைப்புதான் காரணமென்றால் தாராளமாகப் போங்கள், அதில் குற்றமில்லை. ஆலோசகர்களின் மனச்சுமையை இறக்கிவைக்கப் பல இடங்களில் ஏற்பாடு உண்டு. அந்தப் பெண்களின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்குகிறவரின் சுமையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருப்பதானால் அந்த ஏற்பாட்டை உங்களுக்கும் கேட்டுப் பெறுங்கள். ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள். அது பொய்.

எப்படி முடிவெடுத்தாலும், இன்று ஒரு வேலை இருக்கிறது. பிரதிகள் வெளியே போகவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லையென்றால் அவர் இன்னும் பயந்துகொண்டிருப்பார். மிச்சமிருக்கும் கட்டுகளையும் கணினியில் உள்ள படங்களையும் அழித்துவிட்டு, அவருடைய ஆலோசகர் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள். நீங்களாக அவர் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். அந்த நேரம் அது யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.