டிராக் என்றாலே ஆண்கள் பெண் வேடம் போடுவதுதானே, அதில் பெண்களுக்கு என்ன வேலை?

ஏதாவது டிராக் போட்டி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இதே கேள்வியை என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள், அதுவும் மேடையேறப் போகும் நேரத்தில். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நியூயார்க்கில், புரூக்ளின் பக்கம் பார்களில் ஆடும் டிராக் கிங், அதாவது ஆண் வேடம் கட்டி ஆடும் பெண். நம்ம ஊர் நாடகக்காரர்கள் பாஷையில் ராஜபார்ட்.

பெண்கள் இந்த மேடைக்குப் புதிதாக வந்தவர்கள் இல்லை. 1920களில் இதே நியூயார்க்கில், ஹார்லெமின் 133ஆம் தெருவில் கிளாடிஸ் பென்ட்லி என்ற கறுப்பினப் பெண் வெள்ளை டக்ஸீடோவும் உயரமான தொப்பியும் போட்டுக்கொண்டு, பியானோ வாசித்தபடி பிரபலமான பாட்டுகளின் வரிகளைப் பச்சையாக மாற்றிப் பாடினார். கூட்டம் அலைமோதியது. அதே மனுஷி 1952இல், அந்தக் காலத்துக் கெடுபிடியில், கவுன் மாட்டிக்கொண்டு ‘நான் மறுபடியும் பெண்ணாகிவிட்டேன்’ என்று பத்திரிகையில் எழுத வேண்டி வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் ஸ்டோர்மே டிலார்வரி. ஜுவல் பாக்ஸ் ரெவ்யூ என்று, ஆண்கள் பெண் வேடத்தில் ஊர் ஊராகப் போய் ஆடிய குழுவில் இருந்தவர். ‘25 ஆண்கள், ஒரு பெண்’ என்பதுதான் விளம்பரம். அந்த ஒரு பெண் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜனங்கள் ஜிகினா கவுன்களையே உற்று உற்றுப் பார்ப்பார்கள். கடைசியில் பார்த்தால், கோட்டு சூட்டோடு கனத்த குரலில் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த ‘ஆண்’தான் அவர். 1955 முதல் 1969 வரை அந்தக் குழுவில் இருந்தார். 1969இல் நியூயார்க்கில், தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் புகுந்த இரவு முதலில் கை ஓங்கியது அவர்தான் என்று இன்றும் பலர் சொல்வார்கள். பிற்பாடு பல வருஷம் லெஸ்பியன் பார் வாசல்களில் காவலுக்கு நின்றார். 2014இல் 93 வயதில் இறந்தார். இப்படி ஒரு ஆள் இருந்த ஊரில் பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் கோபம் வராதா?

சரி, என் கதை. முதன்முதலாகப் பெரிய பாரில் ஆடக் கூப்பிட்ட அன்று, பெண் வேடம் கட்டும் குவீன்களுக்குக் கண்ணாடி வைத்த அறை, எனக்கு பீர் பீப்பாய்கள் அடுக்கிய ஸ்டோர் ரூம். போனில் டார்ச் போட்டுச் சுவரில் சாய்த்துவைத்து மீசை ஒட்டினேன். கடையில் விற்கும் ரெடிமேட் மீசை வியர்வையில் பெயர்ந்து தொங்கும். அதனால் என் முடியையே பொடிப்பொடியாக நறுக்கிவைத்திருப்பேன். மேலுதட்டில் ஸ்பிரிட் கம் என்ற பசையைப் பூசி, அது பிசுபிசுக்கும் வரை காத்திருந்து, பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக முடியை ஒற்றி ஒட்ட வேண்டும். மார்பை இறுக்க பைண்டர் என்ற உள்ளாடைதான் போடுவேன். (இதைப் படிக்கும் தங்கைகள் யாராவது டேப் சுற்றிவிடாதீர்கள், விலா எலும்புக்கு ஆபத்து.)

அப்போது மேனேஜர் வந்து, குவீன்களுக்குத்தான் சம்பளம், எனக்கு டிப்ஸ் மட்டும் என்றார். காரணம் கேட்டேன். “கிங் ஏறினால் கூட்டம் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடும்” என்றார். உண்மையிலேயே பாதிப் பேர் எழுந்து போனார்கள். நான் டி.எம்.எஸ். குரலுக்கு வாயசைத்தேன். ஒரு வார்த்தை புரியாத கூட்டம் அது. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டேன். பார் ஓரத்திலிருந்து ஒரு விசில், இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து அடிக்கிற நம்ம ஊர் தியேட்டர் விசில். யாரோ தமிழ்ப் பையன். அழுதுகொண்டே டாலர் நோட்டை நீட்டினான். வெளியே போனவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கும் மேனேஜர் சம்பளம் தரவில்லை, அது வேறு விஷயம்.

ஆண் குவீன்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மீசை ஒட்டக் கற்றுத்தந்ததே ஒரு குவீன்தான். நான் சொல்வது வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவர்களை. ஆண்கள் செய்யாவிட்டால் டிராக்கில் அந்த அபாயமும் கேலியும் போய்விடும் என்று, டிவியில் டிராக் போட்டி நடத்தும் பிரபல குவீன் ருபால் 2018இல் பேட்டியில் சொன்னார். அதற்கு 15 வருஷம் முன்பே, 2003இல், சான் பிரான்சிஸ்கோவில் டிராக் குவீன்களுக்கான அழகிப் போட்டி ஒன்றில் ஃபோனீக் என்ற பெண் பட்டம் வாங்கிவிட்டார். ஆமாம், பெண்களே குவீனாகவும் ஆடுகிறார்கள். ருபாலின் பிரிட்டன் நிகழ்ச்சியிலேயே 2021இல் விக்டோரியா ஸ்கோன் என்ற பெண் வந்தார். முழங்காலில் அடிபட்டதால்தான் பாதியில் விலகினார்.

‘தமிழ்ப் பெண்ணுக்கு இது தேவையா’ என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எனக்கு முண்டாசு கட்டி மீசை வரைந்து பாரதியாராக மேடையேற்றினீர்களே, அப்போது கை தட்டியது யார்? 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்ததைக் கொண்டாடவில்லையா? இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தில் வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்கு மேக்கப் போட நான் வேண்டும். ஆனால் விழா மலரில் ஸ்பான்சர்கள் படமெல்லாம் வண்ணத்தில் வரும், மேக்கப் போட்டவள் பேர் ஒரு ஓரத்தில்கூட வராது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான். அடுத்த முறை போகும்போது பட்டியலில் கிங் பேர் இருக்கிற நிகழ்ச்சியாகத் தேடிப் போங்கள். டிப்ஸ் கொடுக்கப் பணத்தை ஒரு டாலர் நோட்டுகளாக மாற்றி எடுத்துப் போங்கள். கிங் ஏறும்போது எழுந்து போகாதீர்கள். பாரிலிருந்து கிளம்புமுன், ஆடிய பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.