பட்டறைப் பதில்கள்: விலை குறைந்தால் தரமும் குறையுமா?

கேள்வி: என் மகன் பிரான்சில், சார்செல்லில் இருக்கிறான். லெக்லேர், கர்ஃபூர் மாதிரி சூப்பர் மார்க்கெட் பங்கில்தான் காருக்கு பெட்ரோல் போடுகிறான். அங்கேயே இருக்கும் என் தம்பி, "மளிகைக்கடை பெட்ரோல் இன்ஜினை அரித்துவிடும், டோட்டால் எண்ணெய்க் கம்பெனி பங்குக்குப் போ" என்று அவனைத் திட்டுகிறான். யார் சொல்வது சரி ஐயா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை அம்மா, மகன் செய்வதுதான் சரி.

பிரான்சில் எந்தப் பங்கில் போட்டாலும் பெட்ரோல் இஎன் 228 என்ற ஐரோப்பியத் தரத்துக்குள் இருந்தாக வேண்டும். டீசலுக்கு இஎன் 590. எண்ணெய்க் கம்பெனி பங்குகளின் லாரிகள் நிரப்புகிற டிப்போக்களில்தான் சூப்பர் மார்க்கெட் லாரியும் வரிசையில் நிற்கிறது. வரியும் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்புறம் விலை எங்கே குறைகிறது? கடைக்காரரின் லாபத்தில். பெட்ரோல் போட வந்தவர் அப்படியே உள்ளே நுழைந்து வாரச் சாமானும் வாங்கிப் போவார் என்பது அவர் கணக்கு. பல பங்குகளில் ஆளே கிடையாது, கார்டைச் செருகி நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாட்டில் விற்கும் எரிபொருளில் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் போகிறது. எல்லா இன்ஜினும் அரித்திருந்தால் அங்கே பட்டறை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு மாளிகை கட்டியிருப்பார்கள்!

தம்பி பேச்சில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் உயர்ரக பெட்ரோலில், இன்ஜினுக்குள் கரி படியாமல் கழுவும் ரசாயனத்தைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய வகை இன்ஜினில் அது வால்வைச் சுத்தமாக வைக்கும். இப்போது வரும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போய்விடுவதால் அந்த வால்வை அது தொடுவதே இல்லை. இன்ஜெக்டருக்கு மட்டும் நல்லது. அவ்வளவுக்காக ஒவ்வொரு முறையும் கூடுதல் காசு கொடுக்க என் கை வராது. 98 ஆக்டேன் என்ற விலை கூடிய பெட்ரோலும் அப்படித்தான், வண்டி கேட்டால் மட்டும் போட வேண்டும். எத்தனால் எத்தனை சதவீதம் வரை கலந்த பெட்ரோலைப் போடலாம் என்பது டேங்க் மூடிக்குள் இ5, இ10 என்று ஒட்டியிருக்கும், மகனை அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 2007 தொடக்கத்தில் சூப்பர் மார்க்கெட் பெட்ரோல் போட்ட வண்டிகள் திணறி நின்றது உண்மை. சிலிக்கான் கலந்துபோய் ஆக்சிஜன் சென்சார் கெட்டது. ஆனால் கலப்பு நேர்ந்தது பங்குக்கு வருவதற்கு முன்பே, மொத்தச் சரக்கில்.

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை போய் பெட்ரோல் போடுகிறேன். விலை குறைவு, மைலேஜும் குறைவு என்கிறார் நண்பர். அப்படியா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிரான்சில் லாபம் குறைகிறது என்றேன், இங்கே குறைவது வரி. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலங்கள் அவரவர் வாட் வரியைப் போடுகின்றன, புதுச்சேரி தமிழ்நாட்டைவிடக் குறைவாகப் போடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற ஒரே தரப் பெட்ரோல்தான். அதனால் மைலேஜ் குறையக் காரணமில்லை.

சந்தேகம் இருந்தால் பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் காய வேண்டும். ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டவும் சொல்லலாம், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. என் பட்டறைக்கு மைலேஜ் புகாரோடு வருகிற வண்டிகளில் பாதி, டயரில் காற்றில்லாமல் வருபவை. மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கியவையும் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் கூடினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், வண்டி இருமும். மூடி ரப்பரைப் பாருங்கள்.

பெட்ரோலுக்கென்றே முள்ளோடை போய்வந்தால் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி வழியிலேயே எரிந்துவிடும். புதுச்சேரியில் வேலை இருக்கும் நாளில் நிரப்பிக்கொள்ளுங்கள்.