காடு செழிக்கும் செம்மண்ணில் பயிர் ஏன் தேறுவதில்லை?

கேள்வி இதுதான்: வெப்பமண்டலத்தில், மிகப் பழைய கிரானைட், நைஸ் பாறைகளின் மேல் உண்டான செம்மண்ணில் காடு அடர்ந்து வளர்கிறது. அதை வெட்டிப் பயிர் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் சரிகிறது. அப்படியானால் அந்த மண் வளமானதா, வளமற்றதா?

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட மண் ஒன்றை நனைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. மணற்பாங்கு என்று எழுதிவைத்தேன். பிறகு முறைப்படி கரைத்து, படியவிட்டு அளந்தபோது அதில் பாதிக்கு மேல் களி. ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி அளந்தேன், விடை மாறவில்லை. அங்கிருந்த மூத்தவர் சொன்னார்: "இன்னும் ஐந்து நிமிடம் பிசைந்து பாருங்கள்." பிசையப் பிசைய அந்த நறநறப்பு கரைந்து, மண் கையில் ஒட்டத் தொடங்கியது. இரும்பு ஆக்சைடு களித்துகள்களைச் சின்னஞ்சிறு உருண்டைகளாகக் கட்டிவைத்திருந்தது. அந்த உருண்டைகளைத்தான் நான் மணல் என்று எண்ணியிருந்தேன்.

இந்த மண்ணின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டுக்கும் அந்த உருண்டைகளிலேயே தொடக்கம் இருக்கிறது. மழைநீர் தேங்காமல் இறங்கும், வேர் ஆழமாகப் போகும், உழவும் எளிது. கட்டமைப்பில் இதைவிட நல்ல மண் அரிது என்பேன். ஆனால் இறங்கும் நீர் சத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது.

பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் வெப்பத்திலும் மழையிலும் சிதையும்போது பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை முதலில் கழுவப்படுகின்றன. சிலிக்காவும் மெல்ல வெளியேறுகிறது. எஞ்சுவது கயோலினைட் களி, இரும்பு ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு, அசையாத குவார்ட்ஸ் மணல். வடக்கே பனியாறுகள் பாறையை அரைத்துப் புது மாவாகப் பரப்பின. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பனியுகம் வரை அது நடந்தது. எரிமலைப் பகுதிகளில் சாம்பல் விழுந்து மண் புதுப்பிக்கப்படுகிறது. பிரேசில், கயானா, மத்திய ஆப்பிரிக்கா ஆகியவற்றின் பழைய பாறைப் பீடங்களின் சமவெளிகளில் இந்த இரண்டும் நடக்கவில்லை. அதே மண் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையில் நனைந்துகொண்டே இருக்கிறது. சிவப்பு நிறத்தைப் பார்த்துச் சத்துள்ள மண் என்று நம்புகிறவர்கள் பலர். அந்தச் சிவப்பு, மற்றவை போனபின் மிஞ்சிய இரும்பின் நிறம்.

களியின் மேற்பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டம்தான் கால்சியம், பொட்டாசியம் போன்றவற்றைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கிறது. கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் களி ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 சென்டிமோல் (பிடிபடும் சத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வரை பிடிக்கும். கயோலினைட் பிடிப்பது 3 முதல் 15 வரைதான். எனவே இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மட்கு. காட்டின் இரகசியமும் இதுவே: கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளின் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் இருக்கிறது. விழும் இலை மக்கியதும், மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்களும் பூஞ்சை இழைகளும் சத்தைக் கீழே நழுவவிடாமல் எடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் சிறிது கசிகிறது. அமேசானுக்குச் சஹாராவின் தூசி காற்றில் கொண்டுவரும் பாஸ்பரஸ் ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் என்று 2015இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு கண்டத்தின் பாலைத் தூசி இன்னொரு கண்டத்தின் காட்டுக்கு உரமாவதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

காட்டை வெட்டி எரித்தால் சாம்பல் அமிலத்தைக் குறைக்கிறது, சத்தும் ஒரே வீச்சில் மண்ணில் சேர்கிறது. முதல் விளைச்சல் நன்றாக இருப்பது அதனால்தான். பிறகு மட்கு வேகமாகக் கரைகிறது, சாம்பல்சத்தை (பொட்டாசியத்தை) மழை கொண்டுபோகிறது, அமிலத்தன்மை திரும்புகிறது. கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே இறங்க இறங்க அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. இட்ட மணிச்சத்தையோ (பாஸ்பரஸையோ) இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பற்றிக்கொள்கின்றன.

(காடழிந்தால் நிலமெல்லாம் செங்கல்லாக இறுகிவிடும் என்பதும் பரவலான நம்பிக்கை. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் பார்த்து, 1807இல் வெளியான தன் பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்ட மண், வெட்டி வெயிலில் வைத்தால் இறுகுவது உண்மை. ஆனால் வெப்பமண்டலச் செம்மண்ணில் பெரும்பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது.)

ஆகவே "வளமற்றது" என்று ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். மழை குறைந்த பகுதிகளில் இதே நைஸின் மேல் உண்டான மண்ணில் கால்சியமும் மக்னீசியமும் கணிசமாகத் தங்கியிருக்கும். சரிவுகளில் மேல்மண் அரிபடுவதால் புதிய பாறை வேருக்கு எட்டும். டோலரைட் போன்ற கரும்பாறை ஊடுருவிய இடங்களில் மண் இன்னும் மேலானது. பிரேசிலின் செராடோ சமவெளி ஒருகாலத்தில் பயிருக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது. சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டு, ஏற்ற ரகங்களை உருவாக்கி அதைப் பெரும் சோயா நிலமாக மாற்றினார்கள். அந்தப் பணிக்காக மண் ஆய்வாளர்கள் லோபாட்டோ, மெக்ளங், பிரேசிலின் வேளாண் அமைச்சராக இருந்த பாவ்லினெல்லி ஆகிய மூவருக்கும் 2006இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதற்குப் பலியான இயற்கைப் புல்வெளிக்காட்டின் பரப்பு மிகப் பெரிது என்பதையும் மறைக்கக்கூடாது.

இப்படி ஒரு நிலம் உங்களிடம் இருந்தால், கார அமில நிலையை 7க்குக் கொண்டுபோக முயலாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் அதுவே அதிகம். சுண்ணாம்பு மிகுந்தால் துத்தநாகமும் மாங்கனீசும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். அலுமினியம் அடங்கினால் போதும், அதற்கு 5.5ஐ ஒட்டிய அளவே பெரும்பாலும் போதுமானது. மணிச்சத்தை வயல் முழுக்கத் தூவாமல் வேருக்குப் பக்கத்தில் வரிசையாக இடுங்கள். சாம்பல்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். பயிர்க்கழிவை எரிக்காதீர்கள், நிலத்தை வெறுமையாகவும் விடாதீர்கள். மட்கு போனால் இந்த மண்ணில் உரம் தங்க வேறு இடமில்லை. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது மேல்மண்ணோடு அரை மீட்டர் ஆழத்து அடிமண்ணையும் தனியாக எடுத்துக் கொடுத்து, அங்ககக் கரிமமும் (மட்கின் அளவைக் காட்டுவது) பரிமாறத்தக்க அலுமினியமும் (வேரைத் தாக்கக்கூடியது) எவ்வளவு என்று கேளுங்கள்.