ஷார்ட் லெக்கில் நிற்பவன்

அன்புள்ள சார்,

டெஸ்ட் விக்கெட் கணக்கில் இலங்கையின் முரளிதரன் 800, ஆஸ்திரேலியாவின் வார்ன் 708. ஆனால் முரளியின் கணக்கில் 176 விக்கெட், ஜிம்பாப்வேயிடமும் பங்களாதேஷிடமும் எடுத்தவை. வார்னுக்கு அது 17தான். கழித்தால் 624, 691. அப்படியென்றால் வார்ன்தானே பெரியவர்? அஸ்வினை எங்கே வைப்பது? இந்தச் சண்டையில் எனக்கும் என் மாமாவுக்கும் பேச்சே நின்றுவிட்டது.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

முதலில் மாமாவிடம் பேசுங்கள். சுழற்பந்துக்காகச் சொந்தத்தைப் பகைத்துக்கொள்ளும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும் பேசுங்கள்.

உங்கள் கழித்தல் கணக்கைத்தான் சகிக்க முடியவில்லை. மளிகைக் கடை பாக்கியா இது? நோஞ்சான் அணிகளைக் கழிப்பதென்றால், வார்ன் 195 விக்கெட் எடுத்த இங்கிலாந்து தொண்ணூறுகளில் என்ன லட்சணத்தில் இருந்தது என்று பாருங்கள். அந்தக் காலத்தின் மிகப் பலமான பேட்டிங் வரிசைக்கு அவர் வீச வேண்டியதே இல்லை, அது அவருடைய அணி. முரளி வீசினார். இந்தியாவுக்கு வந்தபோது இருவருமே அடி வாங்கினார்கள். முரளி முழங்கையை மடக்கி எறிகிறார் என்ற பழைய புகாரைப் பற்றி நீங்கள் கேட்காததே புண்ணியம். சரி, இது போதும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான், ஷார்ட் லெக்கில், அதாவது மட்டையாளருக்கு மிக அருகில் கால் பக்கம் நின்று கேட்ச் பிடித்த இந்தியாவின் ஏக்நாத் சோல்கரை நினைத்துக்கொண்டிருந்தேன். 27 டெஸ்ட், 53 கேட்ச், விக்கெட் கீப்பரும் அல்ல. 1971 ஓவலில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101க்குச் சுருட்டியது எல்லோருக்கும் தெரியும். முதல் இன்னிங்ஸில் 90 அடித்த ஆலன் நாட் இம்முறை 1 ரன்னில் போனார். வெங்கட்ராகவன் பந்து, சோல்கர் முன்னால் பாய்ந்து தரையோடு தரையாக எடுத்த கேட்ச். ஹெல்மெட் எல்லாம் கிடையாது.

நான் பையனாகப் பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் ஆடிய காலத்தில், ஷார்ட் லெக் எப்போதும் அணியின் பொடியனுக்குத்தான். அங்கே நின்றால் வீசுபவரைப் பார்க்கக் கூடாது. பேடையும் மட்டை விளிம்பையும் மட்டும் பார்க்க வேண்டும். குனிந்தபடியே இருக்க வேண்டும், பந்து மட்டைக்கு வரும் முன் எழுந்தால் கேட்ச் காலுக்கடியில் போய்விடும். ஸ்வீப் ஆட மட்டை உயர்ந்ததும் உடம்பு தானாகவே திரும்பிக்கொள்ளப் பார்க்கும். திரும்பாமல் நிற்பவன்தான் ஷார்ட் லெக். அவன் நிற்கிறான் என்றாலே மட்டையாளருக்குக் கையை நீட்டப் பயம். மட்டையைப் பேடுக்குப் பின்னால் ஒளிப்பார், எல்.பி.டபிள்யூ ஆவார். ஸ்கோர்கார்டில் பந்துவீச்சாளர் பெயர் மட்டும் இருக்கும்.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? முரளியின் விக்கெட்டுகளில் 77 ஜெயவர்தனே பிடித்த கேட்ச். கும்ப்ளேவுக்கு திராவிட் பிடித்தவை 55. வார்னின் லெக் பிரேக் விளிம்பில் பட்டால் ஸ்லிப்பில் மார்க் டெய்லர். அந்தக் காலச் சுழற்பந்து வீச்சாளர்கள் பேடி, பிரசன்னா என்று உருகுகிறவர்கள்கூட சோல்கர் பெயரைச் சொல்ல மறக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரைத் தராசில் வைக்கிறீர்கள். வைக்க வேண்டியது இரண்டு கூட்டத்தை.

அப்புறம் அஸ்வின். 106 டெஸ்ட்டில் 537, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2015இல் இலங்கையின் காலி நகரில் நடந்த டெஸ்ட்டின் ஸ்கோர்கார்டை எடுத்துப் பாருங்கள். அஸ்வினுக்கு 10 விக்கெட். ரஹானே அந்த ஒரே டெஸ்ட்டில் 8 கேட்ச் பிடித்தார், அது உலக சாதனை. ஆனாலும் நாம் 63 ரன்னில் தோற்றோம்.