பட்டா சித்தப்பா பேரில், தோட்டம் யாருக்கு?

கேள்வி: ஏற்காட்டில் தாத்தாவுக்கு 5 ஏக்கர் காபித் தோட்டம். வருமானம் என் படிப்புக்கும் தம்பி படிப்புக்கும், தம்பிக்கு 25 வயது ஆனதும் தோட்டம் எங்கள் இருவருக்கும் சரிபாதி என்று டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டுத்தான் போனார். டிரஸ்டிகள் சித்தப்பாவும் தாத்தாவின் நண்பர் ஒருவரும். சித்தப்பா தோட்டத்தைத் தானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டு வருஷம் 80,000 ரூபாய் தருகிறார். கேட்டால், 'நான்தான் டிரஸ்டி, பட்டா என் பேர்ல இருக்கு' என்கிறார். எனக்கு 23, தம்பிக்கு 19. பெரியவர்களிடம் கணக்குக் கேட்காதே என்கிறார் அம்மா.
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: அம்மாவின் சங்கடம் புரிகிறது. ஆனால் இந்த மாதிரி விவகாரங்கள் புரையோடிப் போவதே அந்த மரியாதையில்தான். இந்திய டிரஸ்ட் சட்டம், 1882, டிரஸ்டி தெளிவான கணக்கு வைத்திருக்க வேண்டும், பயனாளி, அதாவது யாருக்காக டிரஸ்ட் எழுதப்பட்டதோ அவர், இங்கே நீங்களும் தம்பியும், கேட்கும்போது காட்டவும் வேண்டும் என்கிறது. கணக்கைக் கேட்பதற்கு நீங்கள் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டா விஷயத்தில் சித்தப்பா சொல்வது பாதி சரி. டிரஸ்ட் சொத்து பெயரளவில் டிரஸ்டியிடம்தான் இருக்கும், அப்படி இருந்தால்தான் அவரால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளவே முடியும். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. அந்த உரிமையை அவர் உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார், அதிலிருந்து தனக்கென்று லாபம் எடுக்கக் கூடாது. சம்பளம்கூடக் கிடையாது, பத்திரத்தில் எழுதியிருந்தாலோ நீங்களோ கோர்ட்டோ ஒப்புக்கொண்டிருந்தாலோ தவிர. கைக்காசு செலவழித்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்தக் குத்தகைதான் பெரிய கோளாறு. கொடுப்பவரும் அவர், எடுப்பவரும் அவர், அப்புறம் வாடகையைப் பேசியது யார்? சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி டிரஸ்டி, டிரஸ்ட் சொத்தைத் தானே வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும், அதுவும் பயனாளிக்குக் கண்கூடாக நன்மை என்றால்தான் அனுமதி கிடைக்கும். நியாயமான வாடகைதானே கொடுக்கிறேன் என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. காபி விலை ஏறிய வருஷத்திலும் அதே எண்பதாயிரம்தானா, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியின் காசு எங்கே போனது என்றெல்லாம் கேள்வி தானாக வரும்.

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் விற்பனை பில்லில் ஆரம்பிக்காதீர்கள், முதலில் கூலி நோட்டைக் கேளுங்கள். பழம் பறிக்கிற மாதங்களில் எத்தனை ஆள், எத்தனை நாள், யாருக்கு எவ்வளவு என்று மேஸ்திரி கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருப்பார், காபிக் கறை படிந்து ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கும். அதிலிருந்தே எவ்வளவு பழம் இறங்கியது என்று ஓரளவு பிடிபட்டுவிடும். பில்லை ஒளிக்கிறவர்கள் கூலி நோட்டை ஒளிக்க மறந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். தம்பிக்கு 25 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயனாளிகள் எல்லோரும் மேஜராகி, ஒரே மனதாக இருந்தால், சொத்தை எங்களிடமே எழுதிக் கொடு என்று இப்போதே கேட்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு. 24 வயதில் கொடு என்று எழுதிய சொத்தை மேஜரானதுமே கேட்டு வாங்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, உங்களுக்காகவே எழுதி வைத்த மாதிரி. பத்திரத்தில் உங்கள் இருவரைத் தவிர வேறு பயனாளி இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவனைச் சித்தப்பா பைக் வாங்கிக் கொடுத்து வளைப்பதற்குள் பேசிவிடுங்கள்!

தாத்தாவின் நண்பரையும் விடாதீர்கள். தவறு நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த டிரஸ்டியும் நஷ்டத்துக்குப் பொறுப்பு. 'எல்லாம் அவர்தான் பார்த்தார்' என்பது பதிலாகாது, டிரஸ்டிகள் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். வருஷம் ஓடிவிட்டதே என்றும் பயப்படாதீர்கள். டிரஸ்டி கையில் இருக்கும் டிரஸ்ட் சொத்தை மீட்கவும் கணக்குக் கேட்கவும் போடுகிற வழக்குக்குக் காலாவதி கிடையாது.

சரி, வேலை இதுதான்: சப்-ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திர நகல் எடுங்கள், இரண்டு டிரஸ்டிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், ஒரு மாதம் பாருங்கள், அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் கோர்ட். நம்பிக்கை மோசடி குற்றமும்தான், ஆனால் எடுத்த எடுப்பில் ஸ்டேஷனுக்குப் போனால் கணக்கு வராது, சண்டைதான் வரும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்வி டிரஸ்டில் என்னை டிரஸ்டியாகப் போடுகிறார்களாம். சும்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: 'சும்மா' என்று சொல்லிக் கேட்டாலே போடாதீர்கள். டிரஸ்டி பொறுப்பை ஏற்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஏற்றபின் இஷ்டத்துக்கு உதறிவிட்டு வரவும் முடியாது. உங்களுடையது பொது அறக்கட்டளை, 1882 சட்டம் நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் சொந்தச் சொத்து மாதிரி கவனமாகப் பார்க்க வேண்டும், சுயலாபம் கூடாது, பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது என்பதெல்லாம் இதற்கும் உண்டு. பணம் தப்பாகப் போனால், சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடலாம், அதில் உங்கள் பெயரும் இருக்கும். பத்திரமும் போன மூன்று வருஷக் கணக்கும் கேளுங்கள். கொடுக்க முகம் சுளித்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: சாகும் தறுவாயில் அப்பா, 'இந்த வீடு உன் அக்காவுக்கு, நீ பாத்துக்கோ' என்று என்னிடம் வாயால் சொன்னார். இது டிரஸ்டா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: இல்லை. நிலம், வீடு என்றால் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் உயில். நகையை உங்கள் கையில் கொடுத்து அக்காவுக்காக வைத்திரு என்றிருந்தால் கதை வேறு. இப்போது வீடு வாரிசுகள் எல்லோருக்கும் போகும். உங்கள் பங்கை அக்காவுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க யாரும் தடையில்லை.