வாசகர் கேள்வி பதில்: பழைய நெகட்டிவ்களுக்கு எந்த ஸ்கேனர்?

கேள்வி: அப்பா செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. பிஸ்கட் டின்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் நெகட்டிவ் குவிந்து கிடக்கிறது. முக்கால்வாசி கறுப்பு வெள்ளை, கல்யாணமும் குடும்பப் படங்களும். அப்பா ஆசைக்காக எடுத்த மீட்டர் கேஜ் ரயில் படங்கள் மட்டும் கலர் ஸ்லைடில் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் 7200 டிபிஐ ஸ்கேனர்தான் வாங்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் 6400 போதும் என்கிறார். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டு பேருமே டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதைச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் பெட்டியில் இருப்பது என்ன அளவு ஃபிலிம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை பாருங்கள். முதலில் ஒரு டின்னைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகத் துளை இருந்தால் அது 35 மி.மீ. துளை இல்லாமல் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில், படம் சதுரமாக இருந்தால் அது 120. யாஷிகா, ரோலி மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா வைத்திருந்த ஸ்டுடியோக்களில் இதுதான் அதிகம். அந்த 7200 டிபிஐ என்பது பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும், நல்ல மெஷின்தான், ஆனால் அதில் 35 மி.மீ. மட்டுமே நுழையும். அப்பாவின் 120 நெகட்டிவ் ஒன்றைக்கூட அதில் போட முடியாது.

அந்த எண்களையும் அப்படியே நம்பாதீர்கள். எப்சன் வி600 என்ற, கண்ணாடிமேல் வைத்து எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனரில் 6400 என்று போட்டிருக்கும், சோதனை அட்டை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 1500 சொச்சம்தான். பிளஸ்டெக்கின் 7200-ம் உண்மையில் 3200 பக்கம்தான் நிற்கிறது. 6400-ல் ஒரு 35 மி.மீ. படத்தை ஸ்கேன் செய்தால் ஐந்தரைக் கோடி பிக்சல் ஃபைல் வரும், ஹார்ட் டிஸ்க் நிறையும், படத்தில் ஒரு புருவ முடிகூட அதிகமாகத் தெரியாது.

அதற்காக வி600 மோசம் என்று அர்த்தமில்லை. 35 மி.மீ. படம் சின்னது, 24-க்கு 36 மி.மீ.தான், அதிலிருந்து இந்த மெஷினில் ஏழு அங்குலப் பிரிண்ட் வரைதான் பளிச்சென்று வரும். அதே மெஷினில் 120 சதுர நெகட்டிவைப் போட்டால் பதினோரு அங்குலம் வரை தாராளமாகப் போடலாம், ஏனென்றால் நெகட்டிவே பெரிசு. உங்களுக்கு முக்கால்வாசி 120 என்றால் மேல்மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட்தான் சரி. புதிதாகவோ கைமாறியதாகவோ வி600 கிடைத்தால் எடுக்கலாம், வசதி இருந்தால் வி850. மூடியில் விளக்கு இல்லாத சாதாரண டாக்குமென்ட் ஸ்கேனரில் ஃபிலிம் ஏறாது, வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ‘டிஜிட்டல் ஐஸ்’. தூசியும் கீறலும் தானாகவே மறையும் என்று இதற்காகவே கூடுதல் விலை சொல்வார்கள். அகச்சிவப்புக் கதிரை ஃபிலிம் வழியாக விட்டு, அது எங்கே தடைபடுகிறதோ அங்கே தூசி என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வித்தை. கலர் ஃபிலிமில் சாயம் மட்டுமே இருப்பதால் கதிர் ஊடுருவிப் போகும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவே கதிரை மறிக்கும், ஸ்கேனர் மாப்பிள்ளையின் கோட்டையே தூசி என்று நினைத்து அழித்து வைக்கும். கறுப்பு வெள்ளைக்கு அதை அணைத்துவிடுங்கள், தூசியைக் காற்று ஊதும் பம்ப்பால் தட்டுங்கள்.

இங்கே ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள். முகம் வரும் இடத்தில் நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக இருக்கும் பக்கத்தில், கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும், சாம்பல் பளபளப்பாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அழுக்கு இல்லை. அப்பாவோ அவரிடம் வேலை பார்த்த டச்சிங்காரரோ கூர்சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வைத்த டச்சிங் அது. துணி போட்டுத் துடைத்தால் போய்விடும், திரும்ப வராது.

உங்கள் ஊரில் பூஞ்சையும் இருக்கும். ஆரியங்காவு கணவாய்க் காற்றும் ஜூன் பிறந்தால் சாரலும் மனுஷனுக்குச் சுகம், ஃபிலிமுக்கு எமன். சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து படமே வழிந்துவிடும். அதை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், சுத்தம் பிறகு. வினிகர் வாடை அடிக்கிற டின்னைத் தனியே எடுத்து வையுங்கள், அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, முந்த வேண்டியது அதுதான். மற்றதைப் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்கலாம்.

ரயில் ஸ்லைடுகளை மட்டும் வி600-ல் முடித்துவிடாதீர்கள். 1904-ல் வந்த பாதை, புனலூர் – செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தது. பதிமூன்று கண் பாலத்தில் அந்தச் சின்ன வண்டி போகிற காட்சியை இனி யாராலும் எடுக்க முடியாது. இதற்கு அந்த பிளஸ்டெக்கைத்தான் தேட வேண்டும், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி, வாங்கி வேலை முடிந்ததும் விற்றாலும் சரி. ஸ்லைடின் இருட்டுப் பகுதியில், என்ஜினின் அடிப்பக்கம் போன்ற இடங்களில், பிளாட்பெட் மொத்தையான கறுப்பைத்தான் தரும். 3600 டிபிஐ-யில், 48 பிட் டிஃப் ஃபைலாக (நிற விவரம் குறையாத பெரிய ஃபைல்) வையுங்கள். ஒன்று 100 எம்பி வரும், பரவாயில்லை. கோடாக்ரோம் என்று அட்டைச் சட்டத்தில் அச்சிட்டிருந்தால் அங்கேயும் டிஜிட்டல் ஐஸ் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: நான் கல்யாண போட்டோகிராபர். 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் கையில் இருக்கின்றன. தனியாக ஸ்கேனர் தேவையா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பதே பெரும்பாலான பிளாட்பெட்டைத் தாண்டும், வேகமும் அதிகம். நிறம் சரியாகக் காட்டும் எல்இடி பேனல் ஒன்றும் ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டரும் போதும். செல்போன் திரையை விளக்காக வைக்காதீர்கள், அதன் புள்ளிகள் படத்தில் விழும். ஃபிலிமுக்கும் பேனலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சிரமம் கேமராவை ஃபிலிமுக்கு நேராக நிறுத்துவதில்தான், அதற்கு ஒரு வழி உண்டு. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள், உங்கள் லென்ஸின் பிம்பம் நடுமையத்தில் விழும்வரை ஸ்டாண்டை அசையுங்கள். அறை விளக்கை அணைத்து, எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல். கலர் நெகட்டிவில் படம் இல்லாத ஆரஞ்சு ஓரத்தையும் கொஞ்சம் சேர்த்து எடுங்கள், நிறத்தைத் திருப்பும்போது அதுதான் அளவுகோல். டார்க்டேபிள் இலவச மென்பொருள், அதிலுள்ள நெகடாக்டர் இந்த வேலைக்கென்றே எழுதியது.

கேள்வி: ஆன்லைனில் சின்னத் திரையோடு கையடக்கமான ஃபிலிம் ஸ்கேனர் விற்கிறார்கள். கம்ப்யூட்டரே வேண்டாமாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உள்ளே இருப்பது ஒரு சின்ன கேமரா. நொடியில் படம் வரும், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அது போதும். ஆனால் ஓரங்களை வெட்டும், வெள்ளைப் புடவையில் ஜரிகை தெரியாமல் வெளுத்துவிடும், பெரும்பாலும் ஜேபெக் மட்டுமே கொடுக்கும். எந்த நெகட்டிவில் யார் இருக்கிறார்கள் என்று பாட்டியோடு உட்கார்ந்து பார்த்துப் பிரிக்க இதை வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தெடுத்த நல்ல படங்களை, முதல் கேள்வியில் சொன்ன மாதிரி மெஷின் வைத்திருக்கிற இடத்தில் கொடுத்து டிஃப் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், நெகட்டிவையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.